கரகர, சடசட, டிக் டிக்: டிவி போடும் சத்தத்தைக் காதால் பிரித்தறிதல்

ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, வீடு வந்து, முகம் கழுவிவிட்டு டிவியைப் போடுகிறீர்கள். படம் வருகிறது. கூடவே இதுவரை கேட்டிராத ஒரு சத்தமும் வருகிறது. மெக்கானிக்குக்குப் போன் போட்டால் எங்கள் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அண்ணா, டிவி போட்டா ஒரு மாதிரி சத்தம் வருதுண்ணா."

"எந்த மாதிரிம்மா?"

"என்னமோ மாதிரி வருதுண்ணா. பயமா இருக்குது."

"சரி, எடுத்துக்கிட்டு வாங்க, பார்க்கலாம்."

மறுநாள் வேலைக்கு லீவு. 43 அங்குல டிவியைப் போர்வையில் சுற்றி, வண்டியில் ஒருவர் ஓட்ட ஒருவர் நடுவில் பிடித்துக்கொண்டு போகிறீர்கள். கடையில் பிளக்கைச் செருகினால் சத்தமே இல்லை. பழுது டிவியில் இல்லை. வீட்டு லைனிலோ கேபிளிலோ இருந்திருக்கிறது. ஒரு நாள் கூலி போயிற்று. வழியில் ஒரு குழியில் வண்டி குலுங்கி பேனலில் விரிசல் விழுந்திருந்தால், அந்த டிவியே போயிற்று. பேனல் மாற்றும் செலவு பல சமயம் புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான் இந்த அத்தியாயம். இதற்கு வேண்டிய கருவி உங்கள் காதும் நம் மொழியும். கரகர, சடசட, கிணுகிணு என்று பள்ளியில் இரட்டைக்கிளவி படித்தோம். ஒரு சத்தத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை ஒரே சொல்லில் சொல்லிவிடும் வசதி அது. டிவி போடும் சத்தத்துக்கும் சரியான பெயரைச் சொல்லிவிட்டால், பழுது எந்த இடத்தில் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

உடனே பிளக்கைப் பிடுங்க வேண்டிய சத்தங்கள்

ஆராய்ச்சி எல்லாம் பிறகு. கீழே உள்ளவற்றில் ஒன்று கேட்டாலும் முதல் வேலை சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குவது.

டிவிக்குள்ளே சடசடவென்று தீப்பொறி தெறிக்கும் சத்தமும், மூக்கைக் குத்தும் காரமான வாடையும் சேர்ந்து வந்தால். 'டப்' என்று ஒரே ஒரு வெடிப்பும் அதைத் தொடர்ந்து கருகல் நாற்றமும் வந்தால். பிளக், ஜங்ஷன் பாக்ஸ், சுவிட்ச் போர்டு ஆகியவற்றிலிருந்து எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல 'சொர்ர்' என்று கேட்டால். இந்த மூன்றாவதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. லூஸ் கான்டாக்டில் மின்சாரம் சின்னச் சின்னப் பொறியாகத் தாவும் சத்தம் அது. பிளக்கைத் தொட்டால் சூடாக இருக்கும். வீடு தீப்பிடிப்பதற்கு டிவியைவிட இந்த லூஸ் கான்டாக்ட்தான் அதிகம் காரணமாக முடியும். சுவிட்ச் போர்டிலேயே பொறி பறந்தால் அதைத் தொடாமல் மெயினை அணையுங்கள்.

இன்னொரு கட்டாயம்: பின்மூடியை நீங்கள் திறக்கவே கூடாது. பழைய பெட்டி டிவியின் பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது நெடுநேரம் தங்கியிருக்கும். எல்இடி டிவியின் பவர் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். இரண்டுமே ஆளைத் தூக்கி எறியும். வாரன்டி உள்ள டிவியாக இருந்தால் மூடியைத் திறந்த அன்றே அதுவும் போய்விடும். இனி சொல்லப்போகும் எல்லாச் சோதனைகளும் மூடியைத் திறக்காமலே செய்பவை.

மூன்று சோதனைகள், ஐந்து நிமிடம்

*முதல் சோதனை: மியூட்.* ரிமோட்டில் மியூட் பொத்தானை அழுத்துங்கள். சத்தம் நின்றுவிட்டால் அது ஸ்பீக்கர் வழியாக வருகிறது. அப்படியானால் சிக்னல், கேபிள், செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் இவற்றில்தான் தேட வேண்டும். மியூட் செய்தும் சத்தம் தொடர்ந்தால் அது ஸ்பீக்கருக்கு வெளியே, போர்டிலோ பிளாஸ்டிக் கூட்டிலோ பக்கத்துச் சாமானிலோ பிறக்கிறது. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் கேட்க விரும்பும் முதல் தகவல் இதுதான்.

*இரண்டாம் சோதனை: ஒவ்வொன்றாகக் கழற்றுவது.* டிவி, செட்டாப் பாக்ஸ், ஹோம் தியேட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் முதலில் பிடுங்குங்கள். பிறகு டிவிக்குப் பின்னால் செருகியிருக்கும் கேபிள்களைக் கழற்றிவிட்டு, டிவிக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். சத்தம் இல்லையா? ஒவ்வொரு கேபிளாகத் திரும்பச் செருகி வாருங்கள். எதைச் செருகியதும் சத்தம் வருகிறதோ அந்த வழியில்தான் குறை. கேபிளின் உலோக முனையைத் தொடும்போது கை சுருக்கென்றால் உடனே விட்டுவிடுங்கள். அதில் கசிவு மின்சாரம் வருகிறது. கேபிள்காரர் வந்து சரிசெய்யும்வரை யாரும் தொட வேண்டாம்.

*மூன்றாம் சோதனை: நேரம்.* போட்டவுடன் வருகிறதா, அரை மணி கழித்தா, அணைத்த பிறகா? பக்கத்தில் ஏதாவது ஓடும்போது மட்டுமா? கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டுமா? இரண்டு நாள் கவனித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

டிவியின்மேல் பழி விழும் மற்றவர் சத்தங்கள்

மியூட் செய்தும் நிற்காத சத்தத்தில் ஒரு பங்கு டிவியுடையதே அல்ல. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள்.

'கட்... கட்...' என்று விட்டு விட்டு வருவது பெரும்பாலும் ஸ்டெபிலைசர். வோல்டேஜ் ஏறி இறங்கும்போது உள்ளே ரிலே மாறுகிறது. மாலையில் தெரு முழுக்க விளக்கும் விசிறியும் ஓடும் நேரத்தில் இது கூடும். டிவியின் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். 100-240V என்று அச்சிட்டிருந்தால் அந்த வரம்புக்குள் வோல்டேஜ் ஏறி இறங்குவதை டிவியே சமாளித்துக்கொள்ளும். ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டால் கட் கட் சத்தமும் போய்விடும்.

கரண்ட் போனதும் 'ங்ங்ங்' என்று ஒரு முரட்டு ரீங்காரம் எழுந்தால் இன்வெர்ட்டரைச் சந்தேகியுங்கள். 2008-க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில் நம் வீடுகளுக்கு வந்த இன்வெர்ட்டர்களில் விலை குறைந்தவை பல சதுர அலை கொடுப்பவை. மின்வாரியம் தருவது 50 ஹெர்ட்ஸ் வளைவான அலை. சதுர அலையில் 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று மேல் அலைகளும் கலந்திருக்கும். அவை ஸ்டெபிலைசர், விசிறி, டிவியின் பவர் போர்டு எல்லாவற்றையும் அதிரவைக்கும். கரண்ட் வந்ததும் சத்தம் மறைந்தால் டிவி நன்றாக இருக்கிறது. அடுத்த முறை வாங்கும்போது சைன் வேவ் இன்வெர்ட்டராகக் கேட்டு வாங்குங்கள்.

'ச்சு ச்சு ச்சு' என்ற சத்தம் டிவியின் பின்னாலிருந்து வந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். டிவியின் கதகதப்புக்கும் வெளிச்சத்துக்கு வரும் பூச்சிக்கும் பல்லி அங்கே குடியேறும். காற்றுத் துளை வழியாக உள்ளே போய் போர்டில் இரண்டு புள்ளிகளை உடம்பால் இணைத்துவிட்டால் பல்லியும் சாகும், போர்டும் சாகும். எறும்பும் கரப்பானும் இப்படியே. டிவிக்கும் சுவருக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டு, வாரம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த துணியால் தூசு துடையுங்கள். துளைகளை மட்டும் துணியாலோ டேப்பாலோ அடைக்காதீர்கள். சூடு வெளியேறும் வழி அது.

டிக், படக்: பயப்பட வேண்டாத சத்தம்

போட்டுச் சிறிது நேரத்திலும், அணைத்துச் சிறிது நேரத்திலும் 'டிக்', 'படக்' என்று ஏதோ முறிவதுபோலக் கேட்கும். இரவு அமைதியில் இன்னும் பெரிதாகக் கேட்கும். எல்இடி டிவி வாங்கியவர்களை அதிகம் மிரளவைக்கும் இந்தச் சத்தத்தால் ஒரு கேடும் இல்லை.

காரணம் சூடு. 43 அங்குல டிவியின் அகலம் ஏறக்குறைய 96 செ.மீ. அதன் பிளாஸ்டிக் கூடு 20 டிகிரி சூடேறினால் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் அதே சூட்டில் கால் மில்லிமீட்டர்கூட நீளாது. திருகாணியால் பிணைந்திருக்கும் இரண்டும் இப்படி வேறு வேறு அளவில் நீளும்போது, ஓரிடத்தில் இறுகிப் பிடித்திருந்தது நழுவும். அந்த நழுவல்தான் டிக். அக்னி நட்சத்திரத்தில் சிமென்ட் ஷீட் கூரைக்கு அடியில் இருக்கும் டிவி மற்ற மாதங்களைவிட அதிகம் டிக் டிக் என்னும். ஜன்னல் வெயில் நேராக விழாத சுவருக்கு மாற்றினால் குறையும்.

ஆனால் வேறொரு டிக் உண்டு. டிவியைப் போடும்போது 'டிக்' என்று ஒருமுறை ரிலே மாறுவது சரி. 'டிக்... டிக்... டிக்...' என்று ஒரே இடைவெளியில் அடித்துக்கொண்டே இருக்க, முன்னாலுள்ள சின்ன விளக்கும் மினுக்கி மினுக்கி, படம் வராமல் நின்றால் பவர் போர்டு கிளம்பப் பார்த்துத் தோற்கிறது என்று பொருள். மேல்பக்கம் உப்பிப்போன கெப்பாசிட்டர் இதற்கு அடிக்கடி காரணமாகும். அது மலிவான உருப்படி. அப்படியே விட்டு மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் பழுது பெரிதாகலாம். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

உம்ம், ஙொய், கீச்: ரீங்காரத்தின் மூன்று சுருதி

*மியூட் செய்தும் வரும் ஙொய்.* செட்டிங்கில் பேக்லைட் அளவைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். வெளிச்சத்தோடு சத்தமும் மாறினால் அது பவர் போர்டிலிருந்தோ பேக்லைட்டை ஓட்டும் பகுதியிலிருந்தோ வருகிறது. பல டிவிகளில் வெளிச்சத்தைக் குறைக்கும் முறையே விளக்கை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து ஏற்றுவதுதான். அந்த வேகத்தில் சுருள் கம்பிகள் அதிர்கின்றன. மெல்லிய ஙொய் பழுது அல்ல. சத்தம் குறைவாக இருக்கும் அளவில் பேக்லைட்டை வைத்துக்கொண்டால் போதும். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் காட்டிவிடுங்கள்.

*மியூட் செய்தால் நின்றுபோகும் உம்ம்.* அடிவயிற்றிலிருந்து வருவதுபோன்ற கனத்த சத்தம். இது 50 ஹெர்ட்ஸ், வீட்டு மின்சாரத்தின் சுருதி. ஹோம் தியேட்டர் இணைத்த வீட்டில் இது அதிகம். ஹோம் தியேட்டரின் எர்த் ஒரு பக்கம், கேபிளின் வெளிவலை மூலம் கேபிள்காரரின் எர்த் மறுபக்கம். இரண்டுக்கும் இடையே சிறு மின்சாரம் ஓடி ஸ்பீக்கரில் உம்ம் ஆகிறது. டிவி, பாக்ஸ், ஹோம் தியேட்டர் மூன்றையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகுங்கள். போகாவிட்டால் கேபிள் வழியில் ஒரு ஐசொலேட்டர் போடச் சொல்லுங்கள். சத்தத்தை நிறுத்துவதற்காக எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் உடைக்காதீர்கள். அந்தப் பின் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் உயிருக்குக் காவல்.

உம்ம் மிகப் பெரிதாகக் கொர்ரென்று வந்தால் வண்ணத்தைப் பாருங்கள். பாக்ஸிலிருந்து வரும் மூன்று முனைகளில் மஞ்சள் படத்துக்கு. சிவப்பும் வெள்ளையும் பேச்சுக்கு. மஞ்சளை வெள்ளைத் துளையில் மாற்றிச் செருகினால் படத்தின் சிக்னல் ஸ்பீக்கருக்குள் போய் இப்படிக் கொர்ரென்று வரும். வீட்டைச் சுத்தம் செய்த மறுநாள் வரும் சத்தத்துக்கு முதலில் இதைப் பாருங்கள். ஒரு ரூபாய் செலவில்லை.

*பிள்ளைகளுக்கு மட்டும் கேட்கும் கீச்.* இது பழைய பெட்டி டிவிக்கு உரியது. 2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டி இன்னும் உங்கள் வீட்டு மூலையில் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த டியூபில் படம் 625 கோடுகளாக நொடிக்கு 25 முறை வரையப்படுகிறது. பெருக்கிப் பாருங்கள்: 15,625. அத்தனை ஹெர்ட்ஸில் உள்ளே எல்ஓடி டிரான்ஸ்ஃபார்மர் அதிர்கிறது. வயது ஏற ஏற அவ்வளவு உயர்ந்த சுருதி காதுக்கு எட்டாது. ஆகவே பேத்தி "கீச்சுனு கேக்குது தாத்தா" என்றால் நம்புங்கள். உங்களுக்குக் கேட்காததால் இல்லையென்று ஆகிவிடாது. எப்போதும் உள்ள மெல்லிய கீச் இயல்பு. பெரியவர்களுக்கும் கேட்கும் அளவுக்குச் சீட்டி தடித்துவிட்டால் எல்ஓடி பலவீனமாகியிருக்கலாம்.

பெட்டி டிவியில் போட்டவுடன் 'டம்' என்று ஒரு அடி விழுவதும், திரையில் முடி சிலிர்க்கும் மெல்லிய சரசரப்பும் இயல்பானவை. டியூபில் ஒட்டிய காந்தத்தை நீக்கும் சுருளின் வேலை அந்த 'டம்'. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் 'சட்... சட்...' என்று பொறி பறந்து படம் சுருங்கி விரிந்தால் மட்டும் அது ஆபத்து. டியூபுக்குப் போகும் உயரழுத்தம் ஈரத் தூசு வழியாகக் கசிகிறது. முன்னே சொன்னபடி பிளக்கைப் பிடுங்குங்கள்.

கரகர: சிக்னலா, ஸ்பீக்கரா?

கரகரவுக்கு வால்யூமைக் குறைத்துப் பாருங்கள். வால்யூம் கூடும்போது மட்டும், அதிலும் தவில், உறுமி ஒலிக்கும்போது மட்டும் கரகரத்தால் ஸ்பீக்கர் கோன் கிழிந்திருக்கலாம். அல்லது பிளாஸ்டிக் கூடு, சுவர் மாட்டி, பக்கத்தில் வைத்த குங்குமச் சிமிழ் அதிர்கிறது. உள்ளங்கையால் டிவியின் ஓரத்தை மெல்ல அழுத்துங்கள். சத்தம் நின்றால் திருகாணியை முறுக்கினால் முடிந்தது. நிற்காவிட்டால் இயர்போன் மாட்டிக் கேளுங்கள். அதில் சுத்தமாகக் கேட்டால் ஸ்பீக்கர்தான்.

பாக்ஸின் வால்யூமை மிகக் குறைத்து டிவி வால்யூமை முழுக்க வைத்தால் 'உஸ்' என்று ஒரு இரைச்சல் எழும். பாக்ஸில் முக்கால் பங்குக்கு மேல் வைத்து, டிவியில் கூட்டிக் குறையுங்கள்.

மிக்ஸி ஓடும்போது மட்டும் கரகர என்றால் மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷ் பொறி விடுகிறது. வீட்டில் ஷூ மேல்பாகம் தைக்கும் மோட்டார் தையல் மெஷினும் இப்படிச் செய்யும். பிரஷ் தேய்ந்தால் கரகர கூடும். டிவியை விட்டுவிட்டு பிரஷை மாற்றுங்கள். 'டிட் டிடிட் டிடிட்' என்று தாளம் போட்டுவிட்டு உடனே போன் அடித்தால் அது பட்டன் போன். 2ஜி போன் நொடிக்கு 217 முறை சிக்னலை விட்டு விட்டு அனுப்பும். போனை டிவியிலிருந்து இரண்டு முழம் தள்ளி வைத்தால் தீர்ந்தது.

அனலாக் கேபிள் நாட்களில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாகப் படமும் உஸ்ஸென்ற இரைச்சலும் வரும். டிஜிட்டல் பாக்ஸில் அந்த இரைச்சல் கிடையாது. சிக்னல் குறைந்தால் படம் சதுரம் சதுரமாக உடைந்து, பேச்சு 'க்ளுக் க்ளுக்' என்று விட்டுப்போகும். எல்லாச் சேனலிலும் அப்படியென்றால் பாக்ஸின் முனை தளர்ந்திருக்கலாம், வெளியே கேபிள் இணைப்பில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம். பீஞ்சமந்தை போன்ற ஜவ்வாது மலை ஊர்களில் டிஷ் வைத்தவர்களுக்குக் கனமழையில் இது வருவது இயற்கை. செயற்கைக்கோள் அலையை மழைத்துளி விழுங்குகிறது. மழை விட்டதும் சரியாகும். மழைக்குள் கூரையேறி டிஷ்ஷைத் திருப்பாதீர்கள். இடி வரும்போல் இருந்தால் பிளக்கோடு கேபிளையும் கழற்றிவிட வேண்டும். அதுவும் இடி தொடங்கும் முன்பே.

நம் பக்கத்துக் காற்று

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் டேனரிக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பகுதி. தோலிலிருந்து முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவில் அமிலம் கலந்தால் அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். இந்த வாயு வெள்ளியையும் செம்பையும் கறுக்கவைக்கும். கொலுசு வாங்கிய சில நாளில் கறுத்துப்போகும் வீட்டில், டிவியின் ரிலே முனையும் ஸ்பீக்கர் இணைப்பும் கேபிள் முனையும் கறுக்கலாம். கறுத்த படலம் மின்சாரத்தைத் தடுக்க, கரகரவும் விட்டு விட்டுப் பேச்சும் வரும்.

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடியது உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஏவி, ஹெச்டிஎம்ஐ கேபிள்களை நாலைந்து முறை செருகி எடுங்கள். உரசலில் படலம் விலகும். டிவி வைத்த சுவரின் ஜன்னலை வாடை வீசும் நேரத்தில் மூடி வையுங்கள். மெக்கானிக் வந்தால் "டேனரிக்குப் பக்கத்து வீடு" என்று சொல்லுங்கள். இணைப்புகளை முதலில் பார்ப்பார், போர்டை மாற்றச் சொல்லும் முன்.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டிய ஐந்து

1. டிவி எந்த வகை: பெட்டியா, எல்இடியா, எத்தனை அங்குலம், எத்தனை வருடம்.
2. சத்தத்தின் பெயர்: டிக், உம்ம், ஙொய், கரகர, சடசட. வாயால் அப்படியே செய்து காட்டுங்கள். கூச்சம் வேண்டாம். முடிந்தால் போனில் பதிவு செய்து அனுப்புங்கள்.
3. மியூட் செய்தால் நிற்கிறதா, இல்லையா.
4. கேபிள்களைக் கழற்றினால் நிற்கிறதா, இல்லையா.
5. எந்த நேரத்தில் வருகிறது, எப்போதிலிருந்து வருகிறது.

இந்த ஐந்தும் கையில் இருந்தால், முதலில் பார்த்த அதே போன் பேச்சு இப்படி மாறும்:

"அண்ணா, நம்ம 43 இன்ச் எல்இடி, நாலு வருசம் ஆச்சு. மியூட் பண்ணாலும் ஙொய்யினு ஒரு சத்தம். வெளிச்சத்தைக் குறைச்சா சத்தம் மாறுது. கேபிள் எல்லாம் கழட்டிப் பார்த்துட்டேன், அப்பவும் வருது. பத்து நாளா கூடிக்கிட்டே போகுது."

"பவர் போர்டு பக்கம்தாம்மா இருக்கும். நீங்க தூக்கிக்கிட்டு வர வேணாம். பிளக்கைப் பிடுங்கி வைங்க. ஞாயித்துக்கிழமை வேணுங்கறதை எடுத்துக்கிட்டு நானே வரேன்."

திங்கட்கிழமை காலை ஷூ கம்பெனி பஸ்ஸை நீங்கள் தவறவிடத் தேவையில்லை.